ஒரு கட்டத்துக்கு மூன்று சொற்கள்

தீவின் துறைமுகப் பகுதியான ஹேடோவில், கப்பலிலிருந்து இறங்கும் சரக்குக்குக் கணக்கெழுதும் அலுவலகம் ஒன்றில், குவார்ட்டர்ஸ் ரிஜிஸ்டர் என்று ஒரு நோட்டு இருந்தது. விரித்தால் மேசையில் பாதியை அடைத்துக்கொள்ளும். வீட்டு எண், பெயர், பதவி, குடிவந்த தேதி என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் எழுத்து, கடைசிப் பத்திக்கு வந்ததும் ஒழுங்கை விட்டுவிடும். அதன் தலைப்பு ரிமார்க்ஸ். வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் வந்து, குடும்பம் தன்னோடுதான் இருக்கிறது என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு ஒரு சொல் போதும். மற்றவர்களுக்குத்தான் இடம் போதாது. மனைவி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். பையனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, முடிந்ததும் வருவார்கள். மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஆளில்லை. எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரம்வரை ஓடி, அங்கேயும் நிற்காமல் ஓரத்திலேயே செங்குத்தாக ஏறும்.

முப்பத்தேழாம் எண் வீட்டின் கட்டத்தில் குழந்தைவேலு பதினொரு வருஷமாக ஒரே வரியை எழுதி வந்தார்: குடும்பம் மெயின்லேண்ட் போயிருக்கிறது, அடுத்த கப்பலில் திரும்பும்.

எழுதும்போது அது பொய் என்று அவருக்குத் தோன்றியதில்லை. தீவில் எல்லாருக்கும் எப்போதும் ஏதோ ஒன்று அடுத்த கப்பலில் வந்துகொண்டுதான் இருந்தது. வெங்காயம் வரும். டைல்ஸ் வரும். மோட்டாருக்கு ஸ்பேர் வரும். கடைக்காரர் யாரும் சரக்கு இல்லை என்று சொல்வதில்லை. வந்துக்கிட்டிருக்கு என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சில் பிறந்து வளர்ந்தவர் அவர்.

அப்பா துரைசாமி பரமக்குடிப் பக்கத்திலிருந்து ரோடு போடும் வேலைக்கு வந்தவர். குழந்தைவேலு இங்கேயே பிறந்தார். தெருவில் பெங்காலிப் பிள்ளைகளோடும் தெலுங்குப் பிள்ளைகளோடும் ஹிந்தியில் சண்டை போட்டு, வீட்டுக்குள் தமிழில் அடி வாங்கி, இருபத்து மூன்று வயதில் வார்ஃபில் பெட்டி எண்ணும் டாலி கிளார்க்காகச் சேர்ந்து, பிறகு மேசைக்கு வந்தார். பெண்ணை மட்டும் அப்பாவின் ஊர்ப்பக்கத்தில் பார்த்தார்கள். கமலாட்சி வந்தாள். பதின்மூன்று வருஷம் முப்பத்தேழாம் எண் வீட்டில் இருந்தாள். மழைக்காலத்தில் அரிசி டப்பாவின் மூடியைத் துடைத்துத் துடைத்து, இந்த ஊரில் எதுவுமே காயாது என்பாள். அதைத் தவிர அவள் குறை என்று எதையும் சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

மகள் காவேரி ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, படிப்புக்கு அங்கேதான் நல்லது என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். சண்டை இல்லை, அழுகை இல்லை. கப்பலேற்றிவிட்டவர் இவர்தான். ஆறு உருப்படி லக்கேஜ். பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றையும் தட்டித் தட்டி எண்ணினார். காவேரி அந்த எண்ணிக்கையில் தன்னையும் சேர்க்கச் சொல்லிச் சிரித்தாள். பள்ளி முடிந்தது, கல்லூரி முடிந்தது, கோயம்புத்தூரில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. கமலாட்சி பரமக்குடியிலேயே தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு இருந்துவிட்டாள். மே மாதம் இருபது நாள் இவர் போவார். நல்ல தட்டை எடுத்துக் கழுவி அதில் சாப்பாடு போடுவார்கள். இரண்டாவது வாரத்தில் யாராவது ஒருவர், ரிட்டர்ன் டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று அன்பாகவே கேட்பார்கள்.

மற்ற நாட்களில் அவருக்கு எக்செல் இருந்தது. கடலுக்கடியில் கேபிள் வந்து நெட் ஒழுங்கான பிறகு, சாயங்காலங்களில் போனில் ஒரு ஹிந்திப் பையன் பாடம் நடத்துவதைக் கேட்டுக்கொண்டே சமைப்பார். கூட்டல், வடிகட்டல், ஒரு ஷீட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஆளைத் தேடிக் கொண்டுவருவது. அவருக்கு மிகவும் பிடித்தது டிராப்டவுன். வெற்றுக் கட்டத்தின் மேல் போய் நின்றால் அதன் தோளருகே சின்ன அம்பு ஒன்று முளைக்கும். அழுத்தினால் பட்டியல் கீழே இறங்கும். அதில் ஒன்றைத்தான் எடுக்கலாம். தன் இஷ்டத்துக்கு எதையாவது அடித்தால் கட்டம் ஏற்காது. வீட்டில் பேச ஆளில்லாதவருக்கு, கேள்வியைத் தானே போட்டு, வரக்கூடிய பதில்களையும் தானே எழுதி வைப்பது ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது.

சென்ற வருஷம் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த சூப்பரின்டென்டென்ட் விஜயலட்சுமி மேடம் அந்த ரிஜிஸ்டரை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படித்தார். ஓரத்தில் ஏறிய எழுத்துகளை நோட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார். அறுபத்து நாலு வீடு. காத்திருப்போர் பட்டியலில் பத்துப் பேர். குழந்தைவேலுவைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் எக்செலில் ஏற்றச் சொன்னார். கடைசிப் பத்தியில் கதை வேண்டாம், ஒரு சொல் போதும் என்றார். ஃபேமிலி, சிங்கிள், வேகண்ட். மூன்றில் ஒன்று. சிங்கிள் என்று வருபவர்கள் மரைன் ஹில் பக்கம் இருக்கும் பேச்சலர் பாரக் என்ற ஒற்றை அறை விடுதிக்குப் போக வேண்டும், வீடு வரிசையில் அடுத்தவருக்கு. மாசக் கடைசிக்குள் முடிக்க வேண்டும்.

“முதல்ல என்னோடத போடுங்க சார்,” என்றார். “சிங்கிள். அவர் சென்னையில, பையன் திருச்சி ஹாஸ்டல்ல. நான் இங்க.”

கடையில் காய்கறி சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார்.

குழந்தைவேலு தன் மேசைக்கு வந்து ஷீட்டைக் கட்டினார். அறுபத்து நாலு வரிசை. கடைசிப் பத்தி முழுவதையும் இழுத்துப் பிடித்து, டேட்டா வேலிடேஷனுக்குள் போய், லிஸ்ட் என்று வைத்து, பதில்களைக் கமா போட்டு அடித்தார். ஃபேமிலி, சிங்கிள், வேகண்ட். விரல் அங்கே நிற்கவில்லை. இன்னொரு கமா போட்டு நாலாவதாகவும் ஒன்றை அடித்தார்: ஃபேமிலி அட் மெயின்லேண்ட். மேடம் மறந்திருப்பார், தீவுக்குப் புதுசு, இங்கே இருக்கிற நிலைமை தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஊரில் உள்ளதைத்தானே லிஸ்டில் வைக்கிறோம்.

ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மவுஸை வாங்கித் தாங்களே எடுத்தார்கள். டாலி கிளார்க் முருகானந்தம் அம்பை அழுத்திப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். அவன் மனைவி தங்கை கல்யாணத்துக்கென்று கடலூர் போய் எட்டு மாசம் ஆகியிருந்தது.

“அரே குழந்தை அண்ணா, ‘கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா’ன்னு ஒண்ணு போட்டிருந்தா எனக்கு வசதியா இருந்திருக்கும். சலோ, நாலாவதே டீக் ஹை.”

வார முடிவில் குழந்தைவேலு வடிகட்டிப் பார்த்தார். நாலாவதை எடுத்தவர்கள் பத்தொன்பது பேர். அவரையும் சேர்த்து. மற்ற வரிசைகள் மறைந்து, அந்தப் பத்தொன்பது வீடுகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. நிஜத்தில் அவை மலைச்சரிவில் அங்கங்கே சிதறிக் கிடப்பவை. ஒருவர் வீட்டுக் குக்கர் சத்தம் மற்றவருக்குக் கேட்காது. திரையில் மட்டும் ஒரே தெருவாகிவிட்டன. அவருக்கு அந்தத் தெருவை மூட மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை மேடம் பார்த்துவிட்டார்.

“நாலாவது யார் சேர்த்தது?”

குழந்தைவேலு தீவின் நிலைமையை விளக்கினார். படிப்பு, வைத்தியம், கப்பல் டிக்கெட் கிடைக்காதது எல்லாவற்றையும் சொன்னார். மேடம் முழுக்கக் கேட்டார். பிறகு, அது பதில் இல்லை, பதிலைத் தள்ளிப்போடுவது என்றார். வருகிறவர்கள் இந்த மாசத்துக்குள் வரட்டும், டிக்கெட்டைக் காட்டினாலும் போதும், ஃபேமிலி என்று போட்டுக்கொள்ளலாம். வராதவர்கள் சிங்கிள். நாலாவதை எடுத்துவிடுங்கள்.

எடுத்தார். டிராப்டவுனில் ஒரு வினோதம் உண்டு. பட்டியலிலிருந்து ஒரு சொல்லை நீக்கினால் இனிமேல் யாரும் அதை எடுக்க முடியாது. ஆனால் முன்பே எடுத்தவர்களின் கட்டத்தில் அது அப்படியே இருக்கும். யாரும் தொடாதவரை இருக்கும். பட்டியலில் சேராதவற்றைக் கண்டுபிடிக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் அந்தக் கட்டங்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழும். இறக்கிய பெட்டியில் சேதம் கண்டால் வார்ஃபில் சாக்பீஸால் வட்டம் போடுவார்களே, அதுபோல. பத்தொன்பது வட்டம் விழுந்தது.

அந்த மாசம் வட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. முருகானந்தம் கடலூருக்குத் தினமும் போன் போட்டு, மூன்றாவது வாரம் கப்பலடிக்குப் போய் மனைவியையும் இரண்டு மூட்டை மாங்காயையும் கூட்டிக்கொண்டு வந்தான். முகத்தில் ஒரு வாரத்துக்கு அசடு வழிந்தது. வேறு சிலர் டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். எட்டுப் பேர் பேசாமல் வந்து உட்கார்ந்து சிங்கிள் என்று எடுத்துவிட்டு, மவுஸைத் திருப்பிக் கொடுக்கும்போது இவரைப் பார்க்காமல் போனார்கள். ஒருவர் மட்டும், பாரக்கில் காற்று நன்றாக வரும் என்று யாரோ சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் ஒரு வட்டம்தான் மிச்சம். முப்பத்தேழு.

மாசத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் பிரவீன்குமார் வந்தான். கிரேனில் வேலை பார்க்கும் பையன். கராச்சர்மாவில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தான், மனைவியும் ஆறு மாசக் குழந்தையுமாக. காலியாகும் வீடுகள், மேடம் விட்டதோடு சேர்த்து ஒன்பதும், அவன் முறை வருவதற்குள் முடிந்துவிட்டன. வரிசையில் அவன் பத்தாவது ஆள்.

“இதோட முடிஞ்சிடுச்சா சார்? இல்ல, இன்னும் ஏதாச்சும் வருமா?”

பார்த்துச் சொல்கிறேன் என்றார் குழந்தைவேலு. அவன் தலையாட்டிவிட்டு நின்றான். நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போனால் குழந்தை முழித்திருக்கும், அது தூங்கினால் அறைக்குள் நடக்கக்கூட முடியாது, அதனால் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தூங்கிவிட்டுப் போவதாக, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னான். முப்பத்தேழு யாருடையது என்று அவனுக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருக்கலாம். திரையை அவன் பக்கம் தெரியாதபடி கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டதை நினைத்துக் குழந்தைவேலு பிற்பாடு கூசினார்.

அவன் போன பிறகு கட்டத்தின் மேல் போய் நின்றார். அம்பு முளைத்தது. அழுத்தினார். மூன்று சொற்கள் இறங்கின. ஃபேமிலியை எடுத்தார்.

வட்டம் மறைந்தது. அவ்வளவு சுலபம். டிக்கெட் எங்கே என்று இவரிடம் யாரும் கேட்கப்போவதில்லை. மற்றவர்களிடம் கேட்டு வாங்கியவரே இவர்தான். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம். ஆறு வருஷமும் அந்த வீட்டில், அந்த அடுப்படியில், மூடி துருப்பிடித்த அந்த அரிசி டப்பாவோடு இருந்துவிடலாம். சேவ் பண்ணினார். பக்கத்துப் பத்தியில் எலிஜிபிள் என்று தானாக வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல், போனை எடுத்துக்கொண்டு வராந்தாவின் கோடிக்குப் போனார். கமலாட்சி இரண்டாவது ரிங்கில் எடுத்தாள். வாரத்துக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவது. வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றதும் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார்.

“ஆபீஸ்ல ஒரு லிஸ்ட் போடுறோம். குவார்ட்டர்ஸ்ல யாரு குடும்பத்தோட இருக்காங்க, யாரு இல்லன்னு.”

“சரி.”

“நம்ம வீட்டுக்கு என்ன போடுறதுன்னு…”

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. கமலாட்சி அதை அதட்டாமல் எழுந்து வேறு இடத்துக்குப் போவது கேட்டது.

“அதை எதுக்கு எங்கிட்டக் கேக்குறீக?”

“நீ வர்றதா இருந்தா ஃபேமிலின்னு போடலாம்.”

“வர்றேன்னு நான் எப்பச் சொன்னேன்?”

கோபமாகக் கேட்கவில்லை. சாவியை எங்கே வைத்தேன் என்று கேட்பதுபோல, தனக்கே தெரியாத ஒன்றைத் தேடுவதுபோலக் கேட்டாள். குழந்தைவேலுவும் தேடிப் பார்த்தார். பதினொரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தேடினார். அவள் வருகிறேன் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மழை பெய்ததா, மருந்து சாப்பிட்டீர்களா, காவேரிக்கு வரன் வந்திருக்கிறது, கப்பல் லேட்டா. அடுத்த கப்பலில் வரும் என்று எழுதியது இவர் கை. சொன்னதும் இவர் வாய்.

“சொல்லல,” என்றார்.

“நீங்களும் வான்னு கூப்பிடலையே.”

“கூப்பிட்டிருந்தா?”

கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. அது அவளுக்கும் கேட்டிருக்கும்.

“அப்பக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனோ என்னமோ. முதல் ரெண்டு வருசம் பெட்டியக்கூடப் பரண்ல ஏத்தல நான். இப்ப எனக்கு இங்க ஆகிப்போச்சு. முட்டியும் முடியல. உங்களக் கோச்சுக்கிட்டுச் சொல்லல, கேட்டீகளேன்னு சொல்றேன். உள்ளதப் போடுங்க.”

சாப்பிட்டுவிட்டுப் போய்ப் போடுங்கள் என்றும் சொன்னாள். சரி என்றார். பிறகு அந்தப் பிள்ளை ஏழெட்டு எவ்வளவு டீச்சர் என்று கேட்க, அவள் ஐம்பத்தாறு என்று சொல்லிக்கொண்டே வைத்துவிட்டாள்.

வராந்தாவிலிருந்து வார்ஃப் தெரியும். கப்பலிலிருந்து வலையில் கட்டி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை எண்ணவில்லை. எண்ணாமல் பார்ப்பது புதிதாக இருந்தது. பெட்டியைப் பரணில் ஏற்றாத இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷமும் இவர் இங்கே, கூப்பிட்டால் படிப்புக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று பெருந்தன்மையாக இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். அவள் அங்கே, கூப்பிடட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். நடுவே எத்தனையோ கப்பல் போய் வந்திருக்கிறது. ஒரு சொல்லை ஏற்றிவிட யாரும் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தார். கட்டத்தைத் தொட்டார். ஃபேமிலியின் மேல் நின்றிருந்த நீலக் கோடு ஒரு படி கீழே இறங்கியது. சிங்கிள். விரலை எடுத்ததும் பக்கத்துப் பத்தியில் எலிஜிபிள் போய், பேச்சலர் பாரக் என்று வந்தது. அந்தச் சூத்திரமும் அவர் எழுதியதுதான். பிழையில்லாமல் வேலை செய்தது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அலுவலக நடைமுறை. சிங்கிள் என்று வந்த ஒவ்வொருவருக்கும், பதினைந்து நாளில் காலி செய்யும்படி கடிதம் போக வேண்டும். எட்டுப் பேருக்கும் அடித்தவர் இவர். ஒன்பதாவதாகத் தனக்கும் அடித்தார். பெயரை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. மேடத்திடம் கையெழுத்துக்கு வைத்தார். அவர் வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்து, பெயரைப் பார்த்ததும் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

“சார், நாலாவதச் சேர்த்தது இதுக்குத்தானா?”

“ஆமா மேடம்.”

அவர் கையெழுத்தைப் போட்டார். ஃபைலைத் திருப்பித் தரும்போது, பாரக்கில் இரண்டாவது மாடியில் கடைசி அறை ஒழுகாது, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். பக்கத்துப் பெண்கள் ஹாஸ்டலில் அவர் அந்த மாச ஆரம்பத்திலேயே குடியேறியிருந்தார்.

டிஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் அனுப்பியவர் இடத்தில் குழந்தைவேலு தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு பியூன் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, பெற்றுக்கொண்டவர் இடத்திலும் போட்டார். எதிர் மேசையிலிருந்து முருகானந்தம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா,” என்றான் கடைசியில், “ரெண்டுக்கும் நடுவுல ஒரு டீயாவது குடிச்சிருக்கலாம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரவீன்குமார் குடும்பத்தோடு வீட்டைப் பார்க்க வந்தான். வேண்டாம் சார், அவசரமில்லை சார் என்று வாசலிலேயே நின்று நெளிந்தான். அவன் மனைவி வைஜெயந்தி நெளியவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக உள்ளே போய், தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். ஜன்னலைத் திறந்து மூடினாள். சாமான்கள் பாதி அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன. ஒரு ஆள் வீட்டுச் சாமான் மூன்று பெட்டியில் அடங்கிவிடும் என்று குழந்தைவேலு அந்த வாரம்தான் தெரிந்துகொண்டிருந்தார். அலமாரியில் ஒட்டியிருந்த காவேரியின் பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையைக் கிழியாமல் எடுக்க முடியவில்லை, அப்படியே விட்டிருந்தார்.

வைஜெயந்தி அதைப் படித்தாள். பிறகு அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

“அங்கிள், ஆன்ட்டி ஊர்லருந்து எப்ப வர்றாங்க? வந்ததும் சொல்லுங்க, ரெண்டு பேரும் இங்கதான் சாப்பிடணும்.”

பிரவீன்குமார் அவளைக் கண்ணால் அடக்கப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. பதினொரு வருஷமாக இந்தக் கேள்விக்குக் குழந்தைவேலுவிடம் ஒரு பதில் இருந்தது. பஸ்ஸில் கேட்டாலும் ரேஷன் கடையில் கேட்டாலும் யோசிக்காமல் வந்துவிடும். இப்போது நாக்கு அங்கேதான் போயிற்று. போன இடத்தில் ஒன்றுமில்லை.

“வரமாட்டாங்கம்மா,” என்றார். “அங்கயேதான் இருப்பாங்க. நான் இங்க இருப்பேன்.”

சத்தமாகச் சொல்லிப் பார்த்தபோது அது அத்தனை பெரிய வாக்கியமாக இல்லை. வைஜெயந்தி வெளியே வந்து அவரை ஒரு கணம் பார்த்தாள். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

“சரி, அப்ப நீங்க வாங்க. இங்க தண்ணி எத்தனை மணிக்கு வரும் அங்கிள்?”

ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஐந்தரைக்கு, முக்கால் மணி நேரம் என்றார். வால்வு இறுக்கமாக இருக்கும், இடது பக்கமாகத் திருகி, நின்றதும் இன்னொரு அரைச் சுற்றுத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பாதி டேங்க்தான் நிரம்பும். சொன்னால் புரியாது, காட்டுகிறேன் என்று பின்கதவைத் திறந்துகொண்டு முன்னால் நடந்தார். படி பாசியாக இருந்தது. பார்த்து வரச் சொன்னார்.